லேப்டாப்புக்கு முன்னால் மென்பொருள்: பறவைப் படம் எடுக்கும் ஒருவரின் தேர்வு

பல வருடங்களாகப் பறவைகளைப் படம் எடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் நண்பர் ஒருவர், புது லேப்டாப் வாங்க யோசனை கேட்டு வந்தார். அவரிடம் இருப்பது 24 மெகாபிக்சல் கேமரா, நீளமான ஜூம் லென்ஸ். விடுமுறை நாளில் விடிவதற்கு முன் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் ஆயிரம் படம் வரை எடுத்துவிடுவார். பறவை சிறகை விரிக்கும் அந்த ஒரு கணத்துக்காகப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இருப்பவருக்கு ஆயிரம் என்பது பெரிய எண்ணிக்கை இல்லை.

அவருக்கு மூன்று குறைகள். எடிட்டிங்குக்கு உட்கார்ந்தால் அன்றைய மாலை முழுக்கப் போய்விடுகிறது. திரையில் சரியாகத் தெரியும் நிறம் போனில் பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது, அச்சுப் போட்டால் மங்கி இருண்டு வருகிறது. அப்புறம், அதிகாலையில் எடுத்த படங்களில் இறகின் நுணுக்கமே தெரியாத அளவுக்கு நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சல். வரும்போதே ஒரு முடிவோடுதான் வந்திருந்தார்: "கேம் விளையாடுறவங்க வாங்குற மாதிரி பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப்பா பார்த்து வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்ல?"

மூன்று குறைக்கும் மூன்று வேறு காரணங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கும் அவருடைய சிக்கலுக்கும் தொடர்பு இருப்பது மூன்றாவதில் மட்டும்தான். அதுவும் எந்த மென்பொருளில் வேலை செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்தது. ஆர்வத்துக்காகப் படம் எடுக்கும் பலரும் முதலில் லேப்டாப்பை வாங்கிவிட்டு அப்புறம் அதில் எதை நிறுவலாம் என்று தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவருடைய தேர்வு எப்படி நடந்தது என்பதை விரிவாக எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நேரம் எங்கே போகிறது

அவருடைய பழைய லேப்டாப்பில் இன்டெல் ஏழாம் தலைமுறை பிராசசர், 8 ஜிபி ரேம், சின்னதாக ஒரு எஸ்எஸ்டி, படங்களுக்கென்று தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க். வழக்கம்போல வேலை செய்யச் சொல்லிவிட்டு, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தோம். ரேம் பயன்பாடு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் போய் நின்றது. பிராசசர் மூச்சு முட்ட ஓடியது முடிந்த படங்களை ஏற்றுமதி செய்யும்போது மட்டும். கிராபிக்ஸ் பகுதி அநேகமாகச் சும்மாவே இருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஒரு காலைப்பொழுதின் படங்களுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்றால், அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாத படங்களைக் கழிப்பதிலேயே போகிறது. அவர் உண்மையில் எடிட் செய்வது கடைசியில் மிஞ்சும் முப்பது நாற்பது படங்களைத்தான். மாலை முழுக்க எடிட்டிங் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் காத்திருப்பு.

ஏன் காத்திருப்பு என்றால், ரா கோப்பில் இருப்பது இன்னும் படமாக மாறாத சென்சார் பதிவு. சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே பதிகிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள்தான் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். அவர் பயன்படுத்திய மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் இந்தக் கணக்கை முழுதாகச் செய்து முடித்த பிறகே காட்டியது. படத்துக்கு மூன்று நான்கு நொடி என்று வைத்தாலும், ஆயிரம் படத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் படம் கழிக்க இந்தக் கணக்கு தேவையே இல்லை. ஏறக்குறைய எல்லா ரா கோப்புக்குள்ளும் கேமராவே தயாரித்த ஒரு ஜேபெக் படம் பொதிந்து கிடக்கிறது. கேமராவின் பின்திரையில் நாம் பார்ப்பது அதைத்தான். அதை மட்டும் உருவிக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. செய்தி, விளையாட்டுப் படக்காரர்கள் நெடுங்காலமாக நம்பியிருக்கும் ஃபோட்டோ மெக்கானிக் அந்த வகை. அதே வேலையைச் செய்யும் எக்ஸ்என்வியூ எம்பி சொந்த உபயோகத்துக்கு இலவசம். அடோபியின் லைட்ரூம் கிளாசிக்கிலும் இறக்குமதியின்போது இந்தப் பொதிந்த படத்தையே பயன்படுத்தச் சொல்லும் வசதி உண்டு. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். சில கேமராக்கள் அந்த ஜேபெக்கைச் சிறிய அளவில்தான் வைக்கும். அப்படியென்றால் பறவையின் கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க முடியாது. நண்பரின் கேமரா முழு அளவிலேயே வைத்திருந்தது, நல்லதாகப் போயிற்று.

அதே பழைய லேப்டாப்பில், காசு எதுவும் செலவழிக்காமல், கழிக்கும் வேலை முக்கால் மணி நேரமாகக் குறைந்தது. இதை முதலில் செய்து பார்த்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. புது லேப்டாப் வாங்கிய கையோடு இந்தப் பழக்கத்தையும் மாற்றியிருந்தால், வேகம் முழுக்கப் புது லேப்டாப்பால் வந்தது என்றே அவர் நம்பியிருப்பார்.

அப்படியானால் பழையதையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கான இன்டெல் பிராசசர் பட்டியல், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த இரண்டையும் விட்டுவிட்டாலும், மூன்றாவதாகத் திரை இருந்தது. அதற்கு மாற்று வழியே கிடையாது.

காணாமல் போன நீலம்

அவர் காட்டிய படங்களில் ஒரு மீன்கொத்தி இருந்தது. முதுகில் அந்தப் பளீர் நீலம் இருக்க வேண்டிய இடத்தில், அவர் திரையில் சாம்பல் கலந்த நீலம்தான் தெரிந்தது. வயிற்றின் செம்மஞ்சள் வெளிறிப்போயிருந்தது. நேரில் பார்த்த நிறம் மனதில் இருக்கிறதே, அதனால் அவர் நிறச் செறிவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். திரையில் ஒருவழியாகச் சரியாகத் தெரிந்தபோது, கோப்புக்குள் நிறம் எங்கேயோ போய்விட்டது. போன் திரை உள்ளதை உள்ளபடி காட்டும்போது, அந்த மீன்கொத்தி பிளாஸ்டிக் பொம்மை மாதிரி மின்னுகிறது.

லேப்டாப்பின் மாடல் எண்ணை வைத்து திரைப் பேனலின் விவரத்தைத் தேடியபோது விடை கிடைத்தது: 45 சதவீதம் என்டிஎஸ்சி. ஒரு திரையால் எவ்வளவு நிறங்களைக் காட்ட முடியும் என்பதை, அதாவது அதன் நிறப் பரப்பை, ஒப்பிட உதவும் அளவுகோல்களில் ஒன்று என்டிஎஸ்சி, அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக 1953இல் வகுத்தது. படக்காரர்களுக்குப் பழக்கமான அளவுகோல் எஸ்ஆர்ஜிபி. 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்தது, இணையத்தில் உலவும் பெரும்பாலான படங்களுக்கு இன்றும் அதுதான் அடிப்படை. பரப்பளவில் பார்த்தால் 72 சதவீத என்டிஎஸ்சி ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். அப்படியென்றால் 45 சதவீதம் என்பது எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாத பேனல். எவ்வளவு திறமையாக எடிட் செய்தாலும், காட்டவே முடியாத நிறத்தைக் கண்ணால் எப்படிச் சரிபார்ப்பது?

லேப்டாப் விளம்பரங்களில் பிராசசர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். திரையைப் பற்றி "ஃபுல் எச்டி, ஐபிஎஸ், கண் கூசாதது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஐபிஎஸ் என்றால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் அதிகம் மாறாது என்று அர்த்தம். நிறப் பரப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 45 சதவீத பேனலும் ஐபிஎஸ்தான், நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி பேனலும் ஐபிஎஸ்தான். விவரக்குறிப்பில் நிறப் பரப்புக்கான எண்ணே இல்லையென்றால், பெரும்பாலும் அது குறைந்த பேனலாகத்தான் இருக்கும். நல்ல பேனல் போட்டவர்கள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒரே மாடல் இரண்டு மூன்று பேனல்களோடு விற்பனைக்கு வருவதும் உண்டு. ஆகவே மாடல் பெயரை மட்டும் நம்பாமல் அந்தக் குறிப்பிட்ட உருப்படியின் முழுக் குறியீட்டைப் பார்த்தே வாங்க வேண்டும்.

அச்சில் இருண்டு வருவதற்குக் காரணம் வேறு. இரவில், அறை விளக்கு மங்கலாக இருக்க, திரையின் பிரைட்னெஸ்ஸை முழுக்க ஏற்றி வைத்து எடிட் செய்வது அவர் வழக்கம். அப்படிப் பார்த்தால் எந்தப் படமும் போதுமான வெளிச்சத்தோடுதான் தெரியும், சில சமயம் அதிகமாகவே தெரியும். அவரும் குறைத்துவிடுவார். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதே. எடிட் செய்யும்போது திரை வெளிச்சம் 100 முதல் 120 நிட்ஸ் அளவில் இருப்பது நல்லது. பெரும்பாலான லேப்டாப்களில் அது பிரைட்னெஸ் அளவின் நடுப்பக்கம் எங்காவது வரும். இதற்கும் புது லேப்டாப் தேவையில்லை.

ஐந்து படங்கள், நான்கு மென்பொருள்கள்

திரை எப்படி இருக்க வேண்டும் என்பது முடிவானது. மற்ற எல்லாவற்றையும் மென்பொருள் முடிவு செய்யட்டும் என்றேன். அவரிடமிருந்து ஐந்து ரா கோப்புகளைக் கேட்டு வாங்கினேன், அவருக்கு எப்போதும் தொல்லை கொடுக்கும் வகைப் படங்களாக. இருண்ட தண்ணீருக்கு முன்னால் அந்த மீன்கொத்தி. உச்சி வெயிலில் வெள்ளைக் கொக்கு. விடியலின் மங்கிய ஒளியில், கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400 வரை ஏற்றி எடுத்த ஆந்தை. வீட்டு விளக்கொளியில் அவர் மகள். மேகம் சூழ்ந்த ஒரு நிலக்காட்சி. இந்த ஐந்தையும் நான்கு மென்பொருள்களில் எடிட் செய்து பார்க்க வேண்டும், நான் பக்கத்தில் இருந்தாலும் கை அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. விலை கொடுத்து வாங்க வேண்டியவற்றுக்கெல்லாம் சோதனைப் பதிப்பு கிடைக்கிறது.

முதலில் கேமரா நிறுவனமே தரும் இலவச மென்பொருள். கேனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கிறது. இதைப் பலர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் மகளின் படத்தில் தோல் நிறம் திறந்தவுடனேயே சரியாக வந்தது இதில்தான். கேமராவில் வைத்த பட அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்வது அதன் பலம். ஒரு பகுதியை மட்டும் தனியாகத் திருத்துவதற்கான வசதி குறைவு, வேகமும் குறைவு. மாதத்துக்கு ஐம்பது படம் எடுக்கும் ஒருவருக்கு இதுவே போதும் என்பேன்.

அடுத்தது லைட்ரூம் கிளாசிக். ஐந்து படத்தையும் அவர் மிக விரைவாக முடித்தது இதில்தான். பறவையை மட்டும் தானாகத் தேர்ந்தெடுத்து மாஸ்க் போடுவது, பின்னணியைத் தனியாக இருட்டாக்குவது எல்லாம் கைக்கு எளிதாக வந்தன. 2023இல் வந்த ஏஐ நாய்ஸ் நீக்கும் வசதியும் நன்றாகவே வேலை செய்தது. தொழிலாகப் படம் எடுப்பவர் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். நண்பருக்குத் தடையாக இருந்தது சந்தா. வலசை வரும் பறவைகள் இருக்கும் நான்கு மாதம் வெறியோடு எடுப்பார், மற்ற மாதங்களில் கேமரா பையை விட்டு வெளியே வராது. சந்தா எல்லா மாதமும் போய்க்கொண்டிருக்கும். அதை நிறுத்தினாலும் கிளாசிக்கைத் திறக்கலாம், படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். ஆனால் எடிட் செய்யும் பகுதி பூட்டிக்கொள்ளும். ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிடும் வசதி 2015இல் வந்த லைட்ரூம் 6ஓடு நின்றுபோனது.

டார்க்டேபிளை அவர் பெயரளவில்கூடக் கேள்விப்பட்டதில்லை. 2009இலிருந்து வளர்ந்துவரும் திறந்த மூல மென்பொருள், முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கொக்கின் படத்தில் இதுதான் அசத்தியது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 வெளிச்சப் படிகள்தான். அவருடைய கேமராவின் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். வெயிலில் வெறும் வெள்ளையாகத் தெரிந்த சிறகுக்குள் ஒளிந்திருந்த இறகு வரிகளை, அந்தப் படிகளிலிருந்து டார்க்டேபிள் பதமாக வெளியே கொண்டுவந்தது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் திறந்தவுடன் படம் சப்பென்று இருக்கும். எந்தக் கருவியை எதற்குத் தொட வேண்டும் என்பது புரியவே சில வாரங்கள் பிடிக்கும். கற்றுக்கொள்வதில் இன்பம் காண்பவருக்கு இது ஒரு புதையல். நண்பர் அந்த ரகம் இல்லை. "எனக்கு வெளியே போய்ப் பறவையைப் பார்க்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப். விடியல் ஆந்தையைத் திறந்து, 2020இல் இந்த மென்பொருளில் அறிமுகமான டீப்பிரைம் நாய்ஸ் நீக்கத்தைப் போட்டோம். சாதாரண நாய்ஸ் நீக்கம் முதலில் புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட்டு, அதன்பின் அதில் உள்ள இரைச்சலைத் தேய்க்கும். அதில் இறகின் இழைகளும் சேர்ந்து தேய்ந்துபோகும். டீப்பிரைம் நிறக் கணக்கையும் இரைச்சல் நீக்கத்தையும் ஒரே மூச்சில், ரா தரவின் மீதே செய்கிறது. ஆந்தையின் கண்ணைச் சுற்றியுள்ள மெல்லிய இறகுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தபோது நண்பர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இதில் இன்னொரு சௌகரியம், படங்களை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, ஃபோல்டரைக் காட்டினால் போதும். ஒருமுறை வாங்கினால் அந்தப் பதிப்பு நம்முடையது. அதே சமயம், பின்னால் புதுக் கேமரா வாங்கினால் அதன் ரா கோப்பைப் பழைய பதிப்பு திறக்காமல் போகலாம் என்பதையும் சொல்லிவிட்டேன். அவருக்குக் கேமரா மாற்றும் எண்ணம் இல்லை.

ஃபோட்டோலேப் என்று முடிவானது.

வெளியேறும் வழி

முடிவு செய்வதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னேன். இந்த மென்பொருள் நாளை இல்லாமல் போனால் என் வேலை என்ன ஆகும்? இது வெறும் பயம் இல்லை. ஆப்பிளின் அப்பர்ச்சர் என்ற ரா எடிட்டிங் மென்பொருள் 2005இல் வந்து, ஆயிரக்கணக்கானோர் தங்கள் மொத்த சேகரத்தையும் அதில் வைத்த பிறகு, 2014இல் கைவிடப்பட்டது. படத்துக்கு மெருகேற்றும் நிக் கலெக்‌ஷனைக் கூகுள் 2012இல் வாங்கியது, 2016இல் இலவசமாக்கியது, 2017இல் டிஎக்ஸ்ஓவுக்கு விற்றது. அஃபினிட்டி என்ற எடிட்டிங் மென்பொருள் 2024இல் கேன்வா நிறுவனத்திடம் போனது. மென்பொருளின் உரிமையாளர் மாறுவதும், அது நிற்பதும் இந்தத் துறையில் சர்வ சாதாரணம்.

ரா எடிட்டிங்கில் மூலக் கோப்பை யாரும் தொடுவதில்லை. இவ்வளவு வெளிச்சம், இந்த வெட்டு, இந்த நிறம் என்ற கட்டளைகள்தான் தனியாகச் சேமிக்கப்படுகின்றன. ஃபோட்டோலேப் அதை ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு துணைக்கோப்பாகவும் தன் தரவுத்தளத்திலும் வைக்கிறது, லைட்ரூம் தன் கேட்டலாகில் வைக்கிறது, விரும்பினால் எக்ஸ்எம்பி என்ற துணைக்கோப்பாகவும் எழுதும். ஒருவர் எழுதிய எடிட் கட்டளையை இன்னொருவரால் பொதுவாகப் படிக்க முடியாது. நட்சத்திர மதிப்பீடும் குறிச்சொற்களும் மட்டும் பெரும்பாலும் இடம் மாறும். அதனால் முடிந்த படம் ஒவ்வொன்றையும் உயர்தர ஜேபெக்காக ஏற்றுமதி செய்து தனியே வைத்துவிட வேண்டும். பெரிதாக அச்சுப் போடப்போகும் படத்துக்கு மட்டும், தரம் குறையாமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் கோப்பு. 24 மெகாபிக்சலுக்குச் சுருக்காத டிஃப் 144 எம்பி வரும். எல்லாவற்றையும் அப்படி வைத்தால் வட்டு தாங்காது.

லேப்டாப்

இங்கே வந்து சேர்ந்தபோது பட்டியல் தானாகச் சுருங்கிவிட்டது. டீப்பிரைம் வேலை முழுக்க கிராபிக்ஸ் பகுதியின் தலையில் விழுகிறது. தனி கிராபிக்ஸ் இல்லாத சாதாரண லேப்டாப்பில் ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் ஆகும், நடுத்தரமான தனி கிராபிக்ஸ் இருந்தால் நொடிக் கணக்கில் முடியும். ஆக, நண்பர் முதலில் கேட்டது ஒரு வகையில் சரிதான் என்று ஆனது. ஆனால் உச்ச ரக கார்டு தேவைப்படவில்லை. நாய்ஸ் நீக்க வேண்டியது வாரத்துக்குப் பத்துப் பதினைந்து படம். அவர் டார்க்டேபிளையோ கேமரா நிறுவனத்தின் மென்பொருளையோ தேர்ந்தெடுத்திருந்தால், இல்லை பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பவராக இருந்திருந்தால், வேறு லேப்டாப்பைத்தான் பரிந்துரைத்திருப்பேன்.

கடைசியில் மூன்று நின்றன. ஒன்று, 14 அங்குலத்தில் மெலிதான ஓஎல்ஈடி லேப்டாப். திரையைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது, கறுப்பு அவ்வளவு ஆழம். ஆனால் தனி கிராபிக்ஸ் இல்லை, 16 ஜிபி ரேமும் பற்றவைத்தது. ஓஎல்ஈடியில் பிரைட்னெஸ்ஸைக் குறைத்தால் சில பேனல்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரியும், சிலருக்கு அது தலைவலி தரும். நண்பருக்கு அந்தத் தொல்லை முன்பே உண்டு. இரண்டாவது ஆப்பிளின் மேக்புக். திரையும் பேட்டரியும் பிரமாதம், டிஸ்ப்ளே பி3 நிறப் பரப்பு எஸ்ஆர்ஜிபியைவிடச் சுமார் 25 சதவீதம் பெரியது. நினைவகத்தையும் சேமிப்பையும் வாங்கும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும், பிறகு கூட்ட முடியாது. தேவையான அளவுக்குக் கேட்டால் பட்ஜெட் கையைக் கடித்தது.

மூன்றாவது 16 அங்குல விண்டோஸ் லேப்டாப். நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி ஐபிஎஸ் பேனல், 8 ஜிபி நினைவகத்தோடு தனி கிராபிக்ஸ், 16 ஜிபி ரேம், கூடவே காலியாக ஒரு ரேம் ஸ்லாட், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கனம் கூடுதல், தோற்றம் ஒன்றும் பிரமாதமில்லை. திரையின் அளவு 2560க்கு 1600, அதாவது சுமார் 4 மெகாபிக்சல். முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்கும்போது 24 மெகாபிக்சல் படத்தில் ஆறில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியும். பழைய ஃபுல் எச்டி திரையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தெரிந்தது. 4கே திரை இந்த அளவு லேப்டாப்புக்கு எனக்குத் தேவையாகப் படவில்லை. பேட்டரியையும் கிராபிக்ஸையும் தின்றுவிட்டு, கண்ணுக்குப் புலப்படும் லாபம் அதிகம் தராது.

காலி ஸ்லாட்டை நான் வலியுறுத்தியதற்குக் காரணம் உண்டு. 24 மெகாபிக்சல் படத்தைக் கோப்பாகப் பார்த்தால் 25 முதல் 30 எம்பிதான். எடிட்டிங்குக்காக நினைவகத்தில் விரியும்போது கதை மாறுகிறது. டார்க்டேபிள் போன்ற மென்பொருள் ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பைட் எடுத்துக்கொள்கிறது, அப்படியென்றால் படத்தின் ஒரு நகலுக்கே 384 எம்பி. இப்படிப் பல நகல்கள் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். பக்கத்தில் பிரவுசர் வேறு. 16 ஜிபி இன்றைக்குப் போதும், பல படங்களை ஒட்டி ஒரே அகலப் படமாக்கும் பனோரமா வேலையை ஆரம்பித்தால் போதாது.

கடைக்குப் போகும்போது பென்டிரைவில் சில கோப்புகளை எடுத்துக்கொண்டு போனோம். மீன்கொத்தி, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெதுவாக மாறும் ஒரு சாம்பல் பட்டை, இருட்டுக் கட்டங்கள் வரிசையாக உள்ள ஒரு படம். கையில் அந்த மீன்கொத்தியின் அச்சுப் பிரதியும் இருந்தது. கடைகளில் பிரைட்னெஸ்ஸை முழுக்க ஏற்றி, பளபளக்கும் வீடியோவை ஓட விட்டிருப்பார்கள். அதை நிறுத்தி, பிரைட்னெஸ்ஸைப் பாதியாக்கிப் பார்த்தோம். சாம்பல் பட்டையில் எங்காவது படிக்கட்டு விழுகிறதா, பச்சையோ ஊதாவோ எட்டிப்பார்க்கிறதா, இருட்டுக் கட்டங்களில் கடைசி இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றனவா என்று கவனித்தோம். பக்கத்து மேசையில் அதே பிராசசர் போட்ட இன்னொரு லேப்டாப்பில் அதே மீன்கொத்தியைத் திறந்ததும் நண்பருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அதில் அவருடைய பழைய சாம்பல் நீலம்.

மேசையை விட்டு நகராமல் எடிட் செய்பவர் என்றால் சுமாரான லேப்டாப்பும் நல்ல வெளி மானிட்டரும் போதும், செலவும் குறையும். இவர் பயணத்தில், தங்கும் அறையிலேயே படங்களை முடிப்பவர். அதனால் அந்த வழி ஒத்துவரவில்லை.

சேமிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நடப்பு மாதப் படங்கள் எஸ்எஸ்டியில், பழையவை இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் ஒரே மாதிரி, அதில் ஒன்று வேறு வீட்டில். கூடவே ஒரு நல்ல கார்டு ரீடர். ஆயிரம் படம் என்றால் சுமார் 28 ஜிபி. பழைய யுஎஸ்பி 2 ரீடரில் அதை ஏற்றப் பதிமூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும், நல்ல ரீடரில் ஐந்து நிமிடம்.

வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே போன் செய்தார். திரை பழுது என்று நினைத்திருக்கிறார். இருண்ட படத்தைத் திறந்தால் திரை ஒரு மாதிரி மங்குகிறது, வெளிச்சமான படத்துக்குப் போனால் மெதுவாகத் தெளிகிறது. அதுவும் சார்ஜரைக் கழற்றினால் மட்டும். பழுது இல்லை, பேட்டரியை மிச்சப்படுத்தத் திரையே படத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் மாற்றிக்கொள்ளும் அமைப்பு அது. விண்டோஸ் 11இல் டிஸ்ப்ளே அமைப்புக்குள் பிரைட்னெஸ் பகுதியில் அதை அணைத்துவிடலாம். சில லேப்டாப்களில் கிராபிக்ஸ் மென்பொருளுக்குள்ளும் இதே மாதிரி இன்னொன்று ஒளிந்திருக்கும். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் எடிட் செய்யும்போது அணைக்க வேண்டும். இந்த இரண்டும் இயங்கிக்கொண்டிருந்தால் நல்ல பேனல் வாங்கியும் பயனில்லை.

அதன்பிறகு, திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் காலிபரேஷன் கருவியைத் தெரிந்தவரிடமிருந்து இரவல் வாங்கி, வெள்ளையின் நிறத்துக்கு 6500 கெல்வின், நடுத்தர வெளிச்சத்துக்குக் காமா 2.2, மொத்த வெளிச்சத்துக்கு 110 நிட்ஸ் என்று அளந்து வைத்தோம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே திரை சற்று நீலம் பாய்ந்திருந்தது தெரிந்தது. மீன்கொத்தியை ரா கோப்பிலிருந்து முதலிலிருந்து எடிட் செய்தார். நிறச் செறிவை அநேகமாகத் தொடவே இல்லை. அச்சும் போனும் திரையும் இப்போது ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன.

ஒரு காலைப்பொழுதின் படங்கள் இப்போது ஒரு மணி நேரத்துக்குள் முடிகின்றன. அதில் பெரும்பங்கு இன்னும் கழிக்கும் வேலைதான், ஆனால் காத்திருப்பு இல்லை. நாய்ஸ் நீக்க வேண்டிய படங்களை வரிசையில் போட்டுவிட்டு அவர் எழுந்து போய்விடுகிறார். விசிறிச் சத்தம் அப்போது அதிகம், பேட்டரியில் ஓட்டினால் வேகம் பாதியாகிவிடுகிறது, அதனால் அந்த வேலையை எப்போதும் சார்ஜரோடுதான் செய்கிறார். காலி ரேம் ஸ்லாட்டை இன்னும் நிரப்பவில்லை. டாஸ்க் மேனேஜரில் 80 சதவீதத்தை அடிக்கடி தாண்டினால் வாங்கிப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய மென்பொருளில் பல வருடங்களாகச் செய்த எடிட்டுகள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. அவற்றில் நிறம் எப்படியும் தவறு என்பதால் எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்வதில் அர்த்தமில்லை. அவருக்குப் பிடித்த ஒரு நூறு படங்களின் ரா கோப்பை மட்டும் எடுத்து, வலசை முடிந்த மாதங்களில் ஒவ்வொன்றாகப் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்.